முட்டை தடவாமல் பன் மேலே பளபளப்பு வருமா?

நாமக்கல் அடுப்படி:

வணக்கம்ங்க. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க எனக்கே சிரிப்பாக வருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப்பண்ணை, ராத்திரி பகல் இல்லாமல் முட்டை லாரி போகிறது, எனக்கு வேண்டியதோ முட்டை படாத பன்.

வீட்டில் ஒரு ஓடிஜி, அதாவது சின்ன மின்சார ஓவன், வைத்து ஆர்டருக்குச் செய்கிறேன். பால் பன், தேங்காய் பன், உப்பு பன், வெஜ் பப்ஸ், அவ்வளவுதான். மாவில் முட்டை சேர்ப்பதில்லை, வைப்பதற்கு முன் மேலே மட்டும் தடவுவேன். ஒரு முட்டையை அடித்தால் இருபது பன்னுக்கு வரும், அதை யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள் என்று நானும் யோசிக்காமல் இருந்துவிட்டேன். போன புரட்டாசி சனிக்கிழமை பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மிணி, மேல இப்படி மினுங்குதே, முட்டை கிட்டை தடவினயா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் திட்டவில்லை, பெட்டியை மூடி மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். பால் தடவினால் நிறம் அங்கங்கே திட்டுத் திட்டாக வருகிறது, மினுக்கம் சுத்தமாக இல்லை. நெய் தடவினால் வெளுத்தே இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் தடவி உள்ளே வைத்தேன், அது வழிந்து தட்டில் கருகி, பன்னைக் கத்தி போட்டுப் பெயர்த்து எடுத்தேன். 180 டிகிரி, 20 நிமிடம், மேலும் கீழும் ராடு போட்டுத்தான் வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் குழந்தைக்கு முட்டை, பால் இரண்டுமே ஒத்துக்கொள்ளாது. அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

கோபி மாஸ்டர்:

அம்மிணி, நான் பேக்கரியில் முப்பது வருசம் அடுப்புக்கு முன்னால் நின்றவன், இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நீ செய்கிற தப்பு ஒன்றுதான். முட்டைக்குப் பதில் வேறு ஒரு சாமான் என்று தேடுகிறாய். முட்டை அங்கே இரண்டு வேலை செய்கிறது, ஒன்று நிறம், இன்னொன்று மினுக்கம். இரண்டையும் ஒரே கையில் செய்கிற சாமான் வேறு எதுவும் நம் அடுப்படியில் கிடையாது. ஆகவே வேலையைப் பிரித்துவிடு. நிறத்துக்கு வேண்டியதை அடுப்பில் வைப்பதற்கு முன் தடவு, மினுக்கத்துக்கு வேண்டியதை வெளியே எடுத்த பிறகு தடவு.

முன்னால் தடவப் பால் போதும், ஆனால் தண்ணீர்ப் பால் ஆகாது. கெட்டியான பசும்பாலோ எருமைப்பாலோ எடுத்து, அதில் பால் பவுடர் கலந்துகொள். இரண்டு ஸ்பூன் பாலுக்கு அரை ஸ்பூன் பவுடர், ஒரு சிட்டிகை சர்க்கரை, கட்டியில்லாமல் கலக்கி வடிகட்டு. பாலாடையை அடித்துப் போடுகிறவர்கள் உண்டு, நல்லதுதான், ஆனால் வடிகட்டாமல் போட்டால் ஆடை நின்ற இடத்தில் ஒரு நிறம், நிற்காத இடத்தில் ஒரு நிறம். உனக்குத் திட்டுத் திட்டாக வந்ததற்கு அதுதான் காரணமோ, இல்லை ஒரு கோட்டு, அதாவது ஒரே தடவை பூசினதோடு, நிறுத்திக்கொண்டாயோ தெரியவில்லை. பன்னை உருட்டி வைத்ததும் ஒரு கோட்டு, உப்பி வந்த பிறகு உள்ளே தள்ளுவதற்கு முன் இன்னொரு கோட்டு. இரண்டாவது தடவையில் கை பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். பிரஷ்ஷை அழுத்தினால் உப்பின பன் அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு எழுந்திருக்காது.

180 போதாது. முட்டை குறைந்த சூட்டிலும் நிறம் காட்டிவிடும், பாலுக்கு அந்த வேகம் இல்லை. 200-ல் வை, நேரத்தைக் குறை. சின்ன பன் என்றால் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் பார்த்துக்கொள், கடைசி மூன்று நிமிடம் தட்டை மேல் ராடுக்குப் பக்கத்தில் ஏற்று. அடுப்பை விட்டு நகராதே, போன் பேசப் போனால் கருகிவிடும்.

வெளியே எடுத்ததும் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி, கொதித்து கரைந்தால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். பன் சுடச்சுட இருக்கும்போதே ஒரு தடவு தடவினால் அந்தச் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகி, மேலே மெல்லிசாகக் கண்ணாடி போல நிற்கும். ஆறின பன்னில் தடவினால் கையெல்லாம் பிசுக்கு. நீ இதைத்தான் முன்னால் தடவிக் கருக்கியிருக்கிறாய். இனிப்பு வேண்டாத பன்னுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் இருந்தால் உருக்கித் தடவு, மினுக்கம் கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கிவிடும், ஆனால் மேல்தோல் மெத்தென்று இருக்கும், வாசனை தெருவுக்கே போகும்.

பப்ஸ் கதை வேறு. அதற்குப் பாகு போடாதே, மடிப்பு நமுத்துவிடும். பாலும் கிரீமும் கலந்து மேல்முகத்தில் மட்டும் தடவு. வெட்டின ஓரத்தில் வழிந்தால் மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எழும்பாமல் நின்றுவிடும்.

சும்மா ஒருத்தன்:

ஒரு முட்டைக்கு இத்தனை பஞ்சாயத்தா? தடவிவிட்டு வாயை மூடிக்கொண்டு விற்கலாமே, சாப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

திருப்பூர் அக்கா:

தம்பி, அந்த அம்மா பெட்டியை வைத்துவிட்டுப் போனதைப் படித்துமா இப்படிக் கேட்கிறீர்கள்? விரதக்காரர்களை விடுங்கள், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மேலே தடவின முட்டையே போதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிடும். சட்டமும் இருக்கிறது. பாக்கெட் போட்டு விற்றால், முட்டை ஒரு துளி சேர்ந்தாலும் சைவத்துக்கான பச்சைப் புள்ளி போடக்கூடாது, உணவுப் பாதுகாப்பைப் பார்க்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ கணக்கில் முட்டை அசைவம், பால் சைவம்.

நாமக்கல் தங்கச்சி, உங்களுக்கு ஒன்று. இங்கே என் வாடிக்கையில் பாதி ஜைனக் குடும்பங்கள். ஆரம்பத்தில் நான் பாகுக்குப் பதில் தேன் தடவிக்கொண்டிருந்தேன், நிறமும் மணமும் அருமையாக இருந்தது. ஒரு நாள் அவர்கள் வீட்டுப் பெரியம்மா கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தேனும் தொடமாட்டார்கள். அதனால் முட்டை இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல் மேலே என்ன தடவியிருக்கிறது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். கேள்வியே வருவதில்லை.

ஈரோடு வாத்தியார்:

மாஸ்டர் ஐயா கைப்பழக்கத்தில் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிற ஆள், வாய் சும்மா இருக்காது.

பன் மேலே வருகிற அந்தச் செம்பழுப்பு நிறம், புரதமும் சிலவகைச் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் பெயரால் மயார் வினை என்பார்கள். தோசை முறுகுவதும் நிலக்கடலை வறுபடும்போது வருகிற மணமும் இதே வினைதான். 140 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாக வேகம் பிடிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, ஓவன் 180 என்று காட்டினாலும் பன்னின் மேல்தோல் 180 ஆகிவிடாது. ஈரம் இருக்கிற வரைக்கும் அது 100 பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும், காய்ந்த பிறகுதான் ஏறும்.

பாலில் புரதமும் இருக்கிறது, லாக்டோஸ் என்கிற சர்க்கரையும் இருக்கிறது, ஆகவே நிறம் வருகிறது. பால் பவுடர் போட்டால் இரண்டும் அதிகமாகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். நெய்யில் இரண்டுமே இல்லை, வெறும் கொழுப்பு, அதனால்தான் உங்கள் பன் வெளுத்துக் கிடந்தது. தயிர் தடவலாமா என்று யாராவது கேட்பார்கள்: தடவலாம், ஆனால் புளிப்பு இந்த வினையை மெதுவாக்கும், பாலைவிட நிறம் மட்டாகத்தான் வரும். அதையே திருப்பிப் போட்டால், காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு, எதிரான குணம்) வேகப்படுத்தும். முட்டை வெள்ளைக்கரு இயல்பிலேயே கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. ஆகவே 50 மில்லி பாலில் இரண்டு விரலால் எடுத்த சமையல் சோடா ஒரே ஒரு சிட்டிகை போட்டுத் தடவிப் பாருங்கள், நிறம் நன்றாக இறங்கும். அதற்கு மேல் போட்டால் சோப்பு ருசி வந்துவிடும், ஜாக்கிரதை.

மஞ்சக்காட்டுக்காரி:

வாத்தியார் சோடா என்கிறார், நான் மஞ்சள் என்பேன். நம்மூர் மஞ்சளை விட்டுவிட்டு எங்கெங்கேயோ போகிறீர்களே! மஞ்சள்கரு தருகிற அந்தப் பொன்னிறம் வெறும் பாலில் வராது. கெட்டிப் பாலைச் சற்றுச் சூடாக்கி, கத்தி முனையில் நிற்கிற அளவு மஞ்சள் தூள் போட்டு, மெல்லிய துணியில் வடிகட்டித் தடவுங்கள். வடிகட்டாவிட்டால் பன் முகத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். வாசனை தெரியாது, தெரிந்தால் நீங்கள் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சென்னிமலை பாவு:

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையை எல்லோரும் மறந்துவிட்டீர்களே.

எங்கள் வீடு தறிக்கார வீடு. சின்ன வயதில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்கு, கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கஞ்சி காய்ந்ததும் நூல் மேல் ஒரு பளபளப்பு நிற்கும் பாருங்கள், வேட்டிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தாலும் அதே பளபளப்பு. பன்னுக்கும் அதுவேதான். வெளிநாட்டில் கோதுமை மாதிரியான ரை என்கிற தானிய ரொட்டிக்கு இப்படிக் கஞ்சி தடவுகிற வழக்கம் வெகுநாளாக உண்டு.

மரவள்ளி ஸ்டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், சேலம் பக்கத்துச் சரக்கு, ஜவ்வரிசிக்கு மூலமாக இருப்பதுதான், மளிகையில் கிடைக்காவிட்டால் சோளமாவு, அதுதான் கார்ன்ஃப்ளோர். ஒரு டீஸ்பூன் மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி தெளிந்து வரும். அப்போது இறக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது தடவ வேண்டும். சோளமாவு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், மரவள்ளி நன்றாகத் தெளியும், ஆனால் கெட்டியாகக் காய்ச்சினால் பசை போல இழுக்கும், தண்ணியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பன் வெந்து முடிகிற நேரத்தில் வெளியே எடுத்து ஒரு தடவு, திரும்ப உள்ளே வைத்து இரண்டு நிமிடம். காய்ந்து மினுங்கும், கையில் ஒட்டாது, இனிப்பும் இல்லை. பாகு தடவினது மாதிரி எறும்பும் வராது.

ஆனால் கஞ்சி நிறம் தராது, அது மினுக்கத்துக்கு மட்டும்தான். நிறத்துக்குப் பால் இல்லாமல் என்ன செய்வது என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:

நிறத்துக்கு சோயா பால். நான் தென்னைக்காரன், தேங்காய்ப்பால் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் செய்து பார்த்தவன் என்பதால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பாலைக் கெட்டியாக எடுத்து, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கரைத்துத் தடவினேன். வாசனை பிரமாதம், தேங்காய் பன்னுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் தேங்காய்ப்பாலில் கொழுப்பு ஏகம், புரதம் கொஞ்சம்தான், ஆகவே நிறம் இளம்பழுப்பில் நின்றுவிடுகிறது. சோயா பாலில் புரதம் பசும்பால் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் பால் மாதிரியே நிறம் வரும். இனிப்பு, வாசனை சேர்க்காத பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். சோயாவும் சில குழந்தைகளுக்கு ஆகாது, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரையும் தடவுகிறார்கள். உப்புப் போடாமல் வெள்ளைக் கடலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று வரும். மினுக்கம் உண்டு, நிறம் சுமார். அப்படியானால் கொள்ளுத் தண்ணீரும் சரியாக வருமே என்று நான் ஒரு நாள் புத்திசாலித்தனமாக யோசித்தேன். பன்னைக் கடித்த என் பையன், "அப்பா, ரசம் எங்கே?" என்று கேட்டான். அதோடு விட்டுவிட்டேன்.

பால் ஆகாத குழந்தைக்குச் செய்யும்போது பிரஷ், தட்டு எல்லாம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாவில் மார்ஜரின் போடுகிறவராக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், சிலதில் பால் சேர்ந்திருக்கும்.

நாமக்கல் அடுப்படி:

எல்லோருக்கும் நன்றிங்க. நான்கு நாள் இதே வேலையாகத்தான் இருந்தேன்.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் சோடா சொன்னார், மஞ்சக்காட்டு அக்கா மஞ்சள் சொன்னார், இரண்டும் நல்லதுதானே, சேர்த்துப் போட்டால் இன்னும் நன்றாக வருமே என்று ஒரே கிண்ணத்தில் இரண்டையும் போட்டுவிட்டேன். சோடாவைக் கண்ணளவில் தட்டினேன், சிட்டிகைக்கு மேலேயே விழுந்துவிட்டது. கலக்கக் கலக்கப் பால் சிவந்துகொண்டே வந்தது. சரி, ஓவனில் போனால் மாறிவிடும் என்று நம்பித் தடவி உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தால் இருபது பன்னும் செக்கச்செவேல் என்று, மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்துக் கொட்டின மாதிரி இருக்கிறது. மாமியார் பார்த்துவிட்டு, "இதை யாருக்குச் சுத்திப் போடப் போறே?" என்றார்.

ஈரோடு வாத்தியார்:

ஐயோ, என் தப்புதான்! ஆரத்தி என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கிறதோ, அதே காரணம்தான். மஞ்சள் நிறமி காரத்தன்மை பட்டால் சிவந்துவிடும், சோடாவும் காரம்தான். எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு மஞ்சள் தாளை வைத்து இதைத்தான் செய்து காட்டுவோம், சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள்.

நாமக்கல் அடுப்படி:

மறுநாள் அப்படித்தான் செய்தேன். சோடாவை விட்டுவிட்டு, பால், பால் பவுடர், துளி மஞ்சள், இரண்டு கோட்டு, 200 டிகிரி. பதினான்கு நிமிடத்தில் எடுத்தேன். நிறம் முட்டை தடவினதற்கு ஒரு மாற்றுக் குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பால் பன்னுக்குப் பாகும், தேங்காய் பன்னுக்குப் பொள்ளாச்சி அண்ணன் சொன்ன தேங்காய்ப்பாலும், உப்பு பன்னுக்குச் சென்னிமலை அக்காவின் கஞ்சியும் என்று பிரித்துக்கொண்டேன். கஞ்சிதான் என்னை அசத்திவிட்டது, மறுநாள் காலையிலும் அப்படியே மினுங்குகிறது. பாகு தடவினதைச் சூடு ஆறுவதற்கு முன் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன், உள்ளே வேர்த்து மேலெல்லாம் கசகசவென்று ஆகிவிட்டது. இனி ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூட வேண்டும்.

அந்தக் குழந்தைக்குச் சோயா பால் தடவி, எடுக்கும்போது கஞ்சி, ஆறு பன் செய்து கொடுத்தேன், அவர்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். பப்ஸ் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை, கிரீம் ஓரத்தில் வழிந்துவிடுகிறது.

பக்கத்துத் தெரு அம்மாவுக்கு நான்கு பன் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார், பிறகு, "மஞ்சளா? அட!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. முட்டை இருந்தவரை எள் ஒட்டிக்கொண்டது, இப்போது பன்னைத் தொட்டாலே உதிர்கிறது. என்ன செய்யலாம் மாஸ்டர்?

கோபி மாஸ்டர்:

எள்ளை மேலே தூவாதே அம்மிணி. பன்னை உருட்டினதும் அதன் முகத்தை ஈரத்துணியில் ஒற்றி, தட்டில் பரப்பின எள்ளில் கவிழ்த்து லேசாக அழுத்தி எடு, அப்புறம் உப்ப விடு. மாவு உப்பும்போது எள்ளைத் தானே பிடித்துக்கொள்ளும். எள்ளுப் பன்னுக்கு இரண்டாவது கோட்டுப் பாலை பிரஷ்ஷால் இழுக்காதே, ஒற்றி ஒற்றி வை. பப்ஸுக்குக் கிரீமைக் குளிரவைத்துத் தடவு, வழியாது. பிரஷ்ஷில் அள்ளினதைக் கிண்ணத்து விளிம்பில் வழித்துவிட்டுத்தான் பப்ஸில் கை வைக்க வேண்டும்.